மழை என்று எழுதிய கை

"கையை எடுங்க!"

நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

மழையில் ஊறிய கை. சட்டைக்கை முழங்கை வரை ஒட்டிக் கிடந்தது. நடுவிரல் நுனியில் ஒரு துளி... விழட்டுமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, மேசை மேல், கிழவன் திறந்து கிடந்தான்.

ஒர்னெல்லா மேசையைச் சுற்றி ஓடிவந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பூவால் அடித்த மாதிரி இல்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் அப்பாவின் பட்டறையில் ஈரத்தோலைத் தூக்கிப் போடுகிற கை அது. வந்தவன் இரண்டு எட்டுப் பின்னால் போனான். துளி தரையில் விழுந்தது.

"அடிச்சிட்டீங்களே!"

"இது அடியா? அடிச்சா சுவர்ல போய் நின்னிருப்பீங்க. யார் நீங்க? கதவைத் தட்டத் தெரியாதா?"

"தட்டினேங்க. மழைச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கலை." அவன் கையை உதறிக்கொண்டே சிரித்தான். "பொலோன்யால இருந்து வர்றேன். ரோனன். கடிதம் வந்திருக்குமே...?"

வந்திருந்தது. பழைய எழுத்துகளைப் படிக்கிற டாக்டர் ஒருவர் வருவார், கிழவனைப் பார்த்து அறிக்கை தருவார் என்று மறைமாவட்ட அலுவலகம் எழுதியிருந்தது. வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி என்று அவள் ஓர் உருவம் போட்டு வைத்திருந்தாள். இவனுக்கு நெற்றி மறைய முடி இருந்தது. இமை மயிரில் மழை கோத்து நின்றது. அதற்குள்ளே சாம்பல் நிறத்தில் இரண்டு கண்கள்... மழை விட்ட மறுநாள் ஆறு தெளியுமே, அந்த நிறம்.

கண்ணா இப்போ முக்கியம்? தரை நனைகிறது.

"நீங்கதான் அந்த டாக்டரா? பாத்தா மாடு மேய்க்கிறவர் மாதிரி இருக்கீங்க."

"மேய்ச்சிருக்கேன். அயர்லாந்துல எங்க அப்பாவுக்கு நாப்பது மாடு."

துண்டை எடுத்து வீசினாள்.

பியெவெலுங்கா இத்தாலியில் ஒரு மலைச்சரிவில் இருக்கிற ஊர். முந்நூறு வீடு. ஆற்றோரத்தில் தோல் பட்டறை, மேலே இடிந்த மடம், மடத்தில் இடியாமல் மிச்சமிருக்கிற ஓர் அறை. அந்த அறையில்தான் கிழவன் இருந்தான். தோல் ஏட்டில் லத்தீனில் எழுதிய பைபிள் சங்கீதப் புத்தகம். வயது ஆயிரத்து இருநூறுக்கு மேல். அதைப் புத்தகம் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. 'கிழவனுக்கு எப்படி இருக்கு?' என்றுதான் கேட்பார்கள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் போல. மடத்தின் முதல் துறவி இங்கேயே உட்கார்ந்து எழுதியது என்பது ஊர் நம்பிக்கை. நவம்பரில் திருவிழா நாளன்று அதைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். ஒன்பது வருடமாகக் கிழவனைப் பார்த்துக்கொள்வது ஒர்னெல்லா. செவ்வாய்க்கிழமை தோறும் பெட்டியைத் திறந்து பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படித் திறந்த செவ்வாய்க்கிழமைதான் இது.

"இதைப் போட்டுக்குங்க." ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை நீட்டினாள்.

"இப்பல்லாம் எந்த நூலகத்துலயும் கையுறை கிடையாதுங்க. கழுவித் துடைச்ச வெறுங்கைதான் ஏட்டுக்கு நல்லது. துணி போட்டா விரலுக்கு ஒண்ணும் தெரியாது."

"அது பொலோன்யால." அவள் சுவரைக் காட்டினாள். இறந்துபோன பாதிரியார் தன் கையால் எழுதி மாட்டிய அட்டை: *கையுறை இல்லாமல் தொடுகிறவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவும்.*

ரோனன் அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான். அவளும் கையுறை போட்டிருந்தாள்... சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

பாதிரியாரின் அட்டை ஒரு சாக்குதான். பட்டறையில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்பு தின்ற கை அது. முட்டியெல்லாம் வெடித்து, நகம் மஞ்சளடித்து... பள்ளிக்கூடத்தில் அந்தக் கையைப் பார்த்துத்தான் 'ஆட்டுக்காரி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்களில் ஒருவனைப் பின்னாளில் கல்யாணத்துக்குப் பேசினார்கள். மோதிரம் போட வந்தவன் விரலைப் பிடித்ததும் முகத்தைச் சுளித்தான். அது போதும். கையுறை அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"சரி. உங்க ஊர், உங்க சட்டம்." ரோனன் கையுறையை இழுத்தான். அது பாதி விரலுக்கு மேல் ஏறவில்லை. "இது யாரோடது, சின்னப் பசங்களோடதா?"

"முதல் நற்கருணைக்குப் பசங்க போடுறது. உங்க கை இவ்ளோ பெருசா இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் சிரித்ததில்லை.

மறுநாள் அவன் கைக்கு ஏறுகிற பெரிய ஜோடி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தாள். அதற்கப்புறம் பத்து நாள்.

பத்து நாளும் மழை. ஓட்டில் மழை, ஆற்றில் மழை, ஜன்னல் கண்ணாடியில் கோடு கோடாக மழை... அறைக்குள் ஒரு விளக்கு. விளக்குக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். நடுவில் கிழவன்.

அவன் பார்க்கும்போது மூச்சுவிட மறந்துவிடுவான். ஒரே எழுத்தை அரை மணி நேரம் பார்ப்பான். அவள் அவன் பார்ப்பதைப் பார்ப்பாள். அவன் நிமிர்ந்தால் ஜன்னலைப் பார்ப்பாள்.

"இங்க வாங்க. இந்தக் கோட்டோட தலையப் பாருங்க. ஒரு முக்கோணம் இருக்குல்ல? ஆப்பு அடிச்ச மாதிரி."

குனிந்தாள். அவன் தோளில் ஈரக் கம்பளி வாசனை. "ஆமா... இருக்கு."

"பேனாவை ஊன்றி, ஒரு நொடி நின்னு, அப்புறம் கீழ இழுக்குறான். இது பழக்கம். மாத்த முடியாது. ஒருத்தன் நடக்கிறதை தூரத்துல பாத்தே யாருன்னு சொல்லிடுவோமே... அது மாதிரி."

"அப்ப நான் நடக்கிறதைப் பாத்தும் சொல்லிடுவீங்களோ?"

"சொல்லிடுவேன். அடிக்க வர்ற மாதிரி நடப்பீங்க."

அன்றைக்கு அவள் மலைக்காட்டுக் கஷ்கொட்டையை மாவாக்கிச் சுட்ட அப்பம் கொண்டுவந்திருந்தாள். அதில் பெரிய துண்டை அவனுக்கு வைக்க நினைத்ததை மாற்றிக்கொண்டு சின்னதை வைத்தாள். அவன் இரண்டையும் தின்றான்.

வீட்டில் அப்பா ஆர்தெமியோ சூப்புக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மாட்டுக்காரன் என்ன சொல்றான்?"

"அவர் டாக்டர்ப்பா."

"டாக்டரோ, மாட்டுக்காரனோ... கிழவன் எங்க பொறந்தான்னு வெளியூர்க்காரன் வந்து நமக்குச் சொல்லணுமா? இங்க பொறந்தா இங்க இருப்பான். இல்லைன்னு எழுதிட்டான்னா நகரத்துக்குத் தூக்கிட்டுப் போயிடுவானுங்க. அப்புறம் அந்த ரூமுக்குப் பூட்டு. உனக்கும் வேலையில்ல. இதுக்கு நீ அவனுக்குக் கஷ்கொட்டை அப்பம் வேற..."

"அப்பம் மீந்துபோச்சு."

"மீந்துபோச்சா? எனக்கு ஒரு துண்டு வரலையே!"

அவள் எழுந்து போய்விட்டாள். அப்பா சொன்னது அவளுக்குத் தெரியாததல்ல. மறைமாவட்டத்துக் குழு தெளிவாகத்தான் எழுதியிருந்தது. அந்தந்த ஊரில் எழுதப்பட்டது அந்தந்த ஊரில் இருக்கலாம். வெளியிலிருந்து வந்ததெல்லாம் நகரத்து நூலகத்துக்குப் போகவேண்டும். ரோனனின் அறிக்கைதான் முடிவு.

தெரிந்தும் அவள் அதைக் கேட்கவே இல்லை. கேட்டால் இந்தப் பத்து நாள் கலைந்துவிடும் என்று ஒரு பயம்... கனவு காண்கிறவளை உலுக்கி எழுப்பினால் கலையுமே, அப்படி.

பதினோராம் நாள் அவன்தான் கூப்பிட்டான்.

"ஒர்னெல்லா! இங்க... இந்த ஓரத்துல. அழுக்குன்னு நினைச்சிருந்தேன். எழுத்து!"

ஏட்டின் அடி ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, ஒரு வரி.

"லத்தீனா?"

"இல்ல... எங்க பாஷை. பழைய ஐரிஷ்." அவன் கண் நிறைந்திருந்தது. "'இன்னைக்கும் மழை. மை காயலை.'"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "சங்கீதம் எழுதச் சொன்னா மழையைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கானா?"

"எங்க ஆளுங்க அப்படித்தான். ஓரத்துல புலம்பிடுவாங்க. குளிர்னு எழுதுவாங்க, பசின்னு எழுதுவாங்க..."

எங்க பாஷை. எங்க ஆளுங்க.

சிரிப்பு அவள் முகத்தில் பாதியில் நின்றது.

"அப்ப... கிழவனை எழுதினது எங்க?"

அவன் ஏட்டின் ஓரத்தை மறுபடி பார்த்தான்.

"சொல்லுங்க டாக்டரே. எங்க?"

"அயர்லாந்துல." அவன் மேசையைப் பார்த்துச் சொன்னான். "வர்றதுக்கு முன்னாடியே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி பழைய ஃபோட்டோவை வச்சு ஒரு கட்டுரை எழுதினேன். எழுத்து அவ்ளோ சுத்தமான ஐரிஷ். அதுக்காகத்தான் பொலோன்யால வேலையே கொடுத்தாங்க. பின்னாடி யாரோ இங்க தூக்கிட்டு வந்திருக்கணும்."

"தெரிஞ்சுதான் வந்தீங்களா? தெரிஞ்சுகிட்டே என் அப்பத்தைத் தின்னீங்களா?"

"ஒர்னெல்லா, கேளுங்க... நான் வேணும்னா உறுதியா சொல்ல முடியலைன்னு எழுதிடறேன். உங்களுக்காக. அவங்க விட்டுடுவாங்க."

அங்கேதான் தப்புப் பண்ணினான். அவள் முகம் வெளுத்தது.

"எனக்காகப் பொய் எழுதுவீங்களா? உங்க பொய்யை வாங்கிக்கிட்டு கிழவன் எங்க ஊர்ல பிச்சைக்காரனா இருக்கணுமா? எங்க அப்பா செத்த ஆட்டோட தோலை உரிச்சுத்தான் எனக்குச் சோறு போட்டாரு. ஆனா செம்மறித் தோலை வெள்ளாட்டுத் தோலுன்னு சொல்லி ஒருத்தருக்கும் வித்ததில்ல. போங்க. உண்மையையே எழுதுங்க. ஆனா இந்த ரூமுக்குள்ள இனிமே வராதீங்க."

"நான் சொல்ல வந்தது..."

"போங்க!"

போய்விட்டான். படியில் அவன் காலடிச் சத்தம் கீழே கீழே இறங்கி மழையில் கரைந்தது.

அழக்கூடாது. ஏட்டுக்கு முன்னால் அழக்கூடாது, ஒரு துளி பட்டால் மை போய்விடும். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பெட்டியை மூடலாம் என்று திரும்பும்போதுதான் பார்த்தாள்... இரண்டு கையுறையும் நனைந்திருந்தன.

ஈரக் கையுறையால் கிழவனைத் தொட முடியாது. அவன் கழற்றிப்போட்ட கையுறை அவள் கைக்கு ஏறும். ஆனால் அதைத் தொட மனம் வரவில்லை. அதைப் பார்த்தாலே மறுபடி அழுகை வரும்போலிருந்தது.

கழற்றினாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினாள். சுத்தமான துணியில் துடைத்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வெறுங்கையால் ஏட்டைத் தூக்கினாள்.

விரல் நின்றது.

மனசு இன்னும் படிக்கட்டில்தான் இருந்தது, அவன் பின்னால். விரலுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். பன்னிரண்டு வயதிலிருந்து, இருட்டுக் கிடங்கில், கண்ணைக் கொண்டு பார்க்காமல் தோலைப் பிரித்துப் போடும் விரல். செம்மறி ஒரு பக்கம், வெள்ளாடு ஒரு பக்கம், கன்று ஒரு பக்கம். வெளியில் உப்பிட்ட தோல் எது, தொட்டியில் ஊறியது எது... எதையும் அதனிடம் மறைக்க முடியாது.

ஏட்டின் நடுப்பகுதி வழவழப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஒன்றுபோல ஆக்கியிருந்தார்கள். ஆனால் தையலோரத்தில், தேய்த்தவன் கை எட்டாத மூலையில், விரல் வேறொன்றைச் சொன்னது. வரிசை வரிசையாக மயிர்க்கால். ஒரு பெரிசு, பக்கத்தில் கூட்டமாகச் சின்னது. ஒரு பெரிசு, கூட்டமாகச் சின்னது...

இன்னோர் ஏடு. மற்றொன்று. கடைசி ஏடு.

அவள் பெட்டியை மூடினாள். பூட்டினாள். குடையை எடுக்க மறந்தாள்.

இர்மா அக்காவின் சாப்பாட்டுக் கடையில் ரோனன் சூப்பை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாவுருண்டைகள் ஆறிப்போய் மிதந்தன. காலடியில் மூட்டை கட்டிய பை.

கதவு தடாரென்று திறந்தது. தலையிலிருந்து கால் வரை ஒழுக ஒழுக ஒர்னெல்லா நின்றாள்.

"எந்திரிங்க."

"நீங்கதானே போகச் சொன்னீங்க..."

"இப்ப வரச் சொல்றேன்."

"ஏன்டி, அவரு சாப்பிட்டு முடிக்கட்டும்டி!" என்றாள் இர்மா அக்கா அடுக்களையிலிருந்து. "ஒரு ஆம்பளை உக்காந்து அழுதுகிட்டே சூப் குடிக்கிறதை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"அழலீங்க," என்றான் ரோனன். "சூப் சூடு."

"சூப் ஆறி அரை மணி நேரம் ஆச்சுப்பா!"

ஒர்னெல்லா அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வெறுங்கையால். இரண்டு பேருக்கும் அது தெரியவில்லை... பாதி வழி வரும்வரை தெரியவில்லை. பட்டறையில் நுழைந்து ஒரு துண்டுத் தோலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தபோதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். மழையில் கழுவி, வெடிப்பெல்லாம் சிவந்து... மறைக்க நேரமில்லை.

அறைக்குள் வந்ததும் துண்டை எடுத்து முதலில் அவன் கையைத் துடைத்தாள், அப்புறம் தன் கையை. "கண்ணை மூடுங்க. கையுறை வேண்டாம்."

"அந்த அட்டை...?"

"நான் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். மூடுங்க."

மூடினான். அவள் அவன் சுட்டுவிரலைப் பிடித்து, ஏட்டின் தையலோரத்தில் வைத்தாள். மெதுவாக நகர்த்தினாள். பிறகு அதே விரலை, தான் கொண்டுவந்த துண்டுத் தோலின் மேல்.

"என்ன தெரியுது?"

"உங்க கை சுடுது."

"என் கையை விடுங்க! தோலைச் சொல்லுங்க."

"ஏடு கன்னுக்குட்டித் தோல். அயர்லாந்துல மடத்துல எல்லாம் கன்னுக்குட்டிதான். நான் கன்னுக்குட்டிகளோட வளர்ந்தவன், எனக்குத்..." நிறுத்தினான். மறுபடி அவனே விரலை ஏட்டுக்குக் கொண்டுபோனான். மறுபடி தோலுக்கு. புருவம் நெறிந்தது. கன்றின் முதுகைத் தடவி வளர்ந்த விரல் அது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. "இது... கன்னு இல்ல."

"வெள்ளாடு. இந்த மலை வெள்ளாடு. எங்க அப்பா பட்டறைல இன்னைக்குக் காலைல தொங்குன அதே சாதி. அயர்லாந்துல இருந்து வந்தவன்தான் எழுதியிருக்கான், சரி. உங்க ஊர் மாதிரியே ரெண்டு பக்கமும் தேய்ச்சிருக்கான், அதுவும் சரி. ஆனா தோல் எங்க ஊர்த் தோல். இங்க உக்காந்துதான் எழுதியிருக்கான்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை. இமைக்கடியில் ஈரம் கசிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்... அவ்வளவு பக்கத்தில் ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"ஃபோட்டோல எழுத்து தெரியும்," என்றான் மெதுவாக. "தோல் தெரியாது. இங்க வந்தும் கையுறையைப் போட்டுக்கிட்டு எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். நாலு வருஷம், ஒர்னெல்லா... நாலு வருஷம் தப்பாச் சொல்லியிருக்கேன்."

"அப்ப மாத்தி எழுதுங்க."

அவன் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. அவளுக்கு அது புரிந்தது. கட்டுரை. வேலை. பெயர். 'நான் தப்பு' என்று அச்சில் போட எந்த மனிதனுக்கு மனம் வரும்?

"ரெண்டு பேர் விரலை நம்பி குழு ஒத்துக்காது," என்றான். பையிலிருந்து சாதாரண வெள்ளை ரப்பரை எடுத்தான், பள்ளிக்கூடத்தில் பென்சில் அழிக்கிற ரப்பர். எழுத்தில்லாத ஓரத்தில் பூவைத் தடவுவது போல நாலு தடவை தேய்த்தான். உதிர்ந்த தூளைச் சின்னக் குப்பியில் தட்டினான். "இந்தத் தூளை வச்சு என்ன மிருகம்னு சொல்லிடுவாங்க. மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் கழிச்சு என்ன எழுதுவீங்க?"

குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஒரு வாரம். இரண்டு வாரம். ஃபோன் இல்லை, கடிதம் இல்லை.

திருவிழாவும் வந்து போனது. மழை என்பதால் கிழவனை வெளியே எடுக்கவில்லை. எல்லோரும் மேலே ஏறி வந்து கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போனார்கள். 'அடுத்த வருஷம் இருப்பானா?' என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சுண்ணாம்புத் தொட்டியருகில் அப்பா ஒரு நாள் தானாகவே சொன்னார்: "நான் அவன் கையைப் பாத்தேன். வேலை செஞ்ச கை."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சொன்னேன்."

"கை வேலை செஞ்சிருந்தா போதுமாப்பா? நெஞ்சு வேணாமா?"

அப்பா தோலைப் புரட்டிப் போட்டார். "இப்படித் தேய்க்கிறியே, கிழிஞ்சிடும்."

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். கையைப் பார்த்தாள். கையுறையை அவள் இப்போதெல்லாம் போடுவதில்லை. சுவரில் இருந்த அட்டையையும் கழற்றிவிட்டாள். யாரிடமிருந்து எதை மறைக்க? பார்க்கவேண்டியவன் பார்த்துவிட்டான். பார்த்துவிட்டுப் போயும்விட்டான்.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை. மழை.

பூச்சி பார்க்கப் பெட்டியைத் திறந்திருந்தாள். அந்த ஏடு தானாகவே விரிந்தது. *இன்னைக்கும் மழை. மை காயலை.* அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் எந்த வளைவுக்கு அடுத்து எந்த வளைவு என்று தெரியும். எவனோ ஒருவன், ஊரை விட்டு, கடலைத் தாண்டி, மலையைத் தாண்டி... இங்கே வந்து உட்கார்ந்து, இந்த ஊர் ஆட்டின் மேல் இந்த ஊர் மழையைத் திட்டியிருக்கிறான். பாவம், யாராவது அவனுக்கு ஓர் அப்பம் கொடுத்தார்களோ என்னவோ.

கதவு தட்டப்பட்டது. மழையை மீறிக் கேட்கிற மாதிரி, முஷ்டியால், நாலு தடவை.

"இப்பக் கேக்குதா?" என்றது குரல் வெளியிலிருந்து.

அவள் கால் நகரவில்லை. கதவு தானே திறந்தது. ரோனன். இமையில் மழை, முடியில் மழை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். மூச்சு வாங்க நின்றான். என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருப்பான் போல... வாயில் வந்தது ஒரே சொல்.

"ஆடு."

"என்னது?"

"வெள்ளாடு. மூணு தடவை சோதிச்சாங்க, மூணு தடவையும் வெள்ளாடு. போன வாரம் சொன்னாங்க. அறிக்கையை முடிச்சுட்டு இன்னைக்குக் காலைல எட்டரைக்கு பஸ் ஏறினேன்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. "நாலு வாரம் ஒரு ஃபோன் இல்ல. வந்து நின்னு ஆடுங்கிறீங்க!"

"ஃபோன் பண்ணி என்ன சொல்றது? உங்களுக்காகப் பொய் சொல்றேன்னு ஒரு தடவை சொன்னேன். அதுக்கப்புறம் நான் எது சொன்னாலும் நீங்க நம்பணும்னா, கையில உண்மை இருக்கணும்ல?" உறையை நீட்டினான். "குழுவுக்கு அனுப்பிட்டேன். முதல் வரியைப் படிங்க."

படித்தாள். *இந்தச் சுவடியைப் பற்றி நான் முன்பு எழுதியது தவறு.* அதற்குக் கீழே: *எழுதிய கை அயர்லாந்தில் பழகியது. தோல் பியெவெலுங்காவினுடையது. அதை முதலில் கண்டவர், சுவடியின் காப்பாளர் ஒர்னெல்லா.*

காகிதத்தில் எழுத்துகள் கலங்கின.

"உங்க வேலை...?"

"இருக்கு. சிரிக்கிறாங்க. ஒருத்தர் என் மேசை மேல பொம்மை ஆடு வச்சிருக்காரு." தோளைக் குலுக்கினான். "கஷ்டமாத்தான் இருந்தது. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் அந்த வரியை எழுதி எழுதி அழிச்சேன்."

"கிழவன் இங்கயேதான்?"

"இங்கயேதான்."

அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒர்னெல்லா... எழுத்தைப் பாத்து ஒருத்தன் எங்க பழகினான்னு சொல்லிடுவேன். அவன் ஏன் திரும்பிப் போகலைன்னு எந்த எழுத்தும் சொல்லாது. இத்தனை நாளும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஏன் போகலை? இந்த மழை, இந்தக் குளிர்... ஏன்?"

"ஏன்?"

"அவன் கதை எனக்குத் தெரியாது. என் கதை தெரியும்." "உன்னை விட்டுப் போக முடியலை. அன்னைக்கு பஸ்ஸுல ஏறினப்பவே முடியலை. எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு... அடிச்ச நிமிஷத்துல இருந்து."

'நீங்க' போய் 'உன்னை' வந்ததை இரண்டு பேரும் கவனித்தார்கள். யாரும் திருத்தவில்லை.

அவள் சட்டென்று இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினாள். வெடித்த முட்டி, மஞ்சள் நகம், எல்லாம்.

"நல்லாப் பாத்துக்கோ. இதுதான் கை. எத்தனை சோப்புப் போட்டாலும் இப்படித்தான் இருக்கும். ஆட்டு நாத்தமும் போகாது. மோதிரம் போட வந்தவன் ஒருத்தன் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுப் போனான்."

"எனக்கு மாட்டு நாத்தம் போகாது," என்றான் ரோனன். "பொலோன்யா வந்து மூணு வருஷம் ஆச்சு. இன்னும் போகலை."

கையைப் பிடிக்க நீட்டினான். நடுவிரல் நுனியில் ஒரு துளி. அதற்கு நேர் கீழே கிழவன் திறந்து கிடந்தான்.

"கையை எடு!"

அந்தரத்தில் நின்ற கையை அவள் துண்டால் பிடித்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். உள்ளங்கை, மணிக்கட்டு, விரலிடுக்கு... ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு துண்டு எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"எனக்கும்தான்," என்றாள், அவன் கைக்குள்ளிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு. "முதல் நாளே. கையுறை ஏறலையே... அப்பவே."

வெளியே மழை வலுத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாலை பஸ் திரும்பும் ஹாரன் சத்தம் கேட்டது.

"பஸ் போயிடுச்சு," என்றாள். "இனிமே வியாழக்கிழமைதான்."

"தெரியும்," என்றான் அவன். "நேரம் பாத்துத்தான் வந்தேன்."